ஒருபக்கம் தேயும் டயர்: ஒரு பட்டறைத் தொழிலின் வரலாறு

டயர் ஒருபக்கமாகத் தேய்வதற்கான மூலக் காரணம், ரப்பர் டயர் பிறப்பதற்கு முன்பே வண்டிக்குள் வந்து சேர்ந்துவிட்டது. பழைய குதிரை வண்டியில் முன் அச்சு முழுவதும் நடுவில் உள்ள ஒற்றை முளையைச் சுற்றித் திரும்பும். இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் பூட்டியிருந்ததால் அவை இணையாக நிற்கின்றனவா என்று யாரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. ஆனால் அப்படித் திரும்பும் வண்டிக்கு அகலமான இடம் வேண்டும். சட்டென்று திருப்பினால் கவிழவும் செய்யும். 1816-ல் மியூனிக் நகரத்து வண்டி கட்டுநர் கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர், அச்சை அசையாமல் நிறுத்தி, அதன் இரு முனைகளிலும் சக்கரங்களைத் தனித்தனி முளைகளில் திருப்பும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். லண்டனில் அவருக்கு முகவராக இருந்த ருடால்ஃப் ஆக்கர்மன் 1818-ல் அதற்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். கண்டுபிடித்தவர் பெயர் மறைந்து, காப்புரிமை வாங்கியவர் பெயரே அந்த ஸ்டியரிங் அமைப்புக்கு நிலைத்துவிட்டது. 1878-ல் பாரிஸின் ஷார்ல் ஜான்தோ, ஸ்டியரிங் கைகளின் கோடுகளை நீட்டினால் அவை பின் அச்சின் நடுவில் சந்திக்க வேண்டும் என்ற எளிய வரைபட விதியை வகுத்தார். கார்ல் பென்ஸின் 1886-ஆம் ஆண்டு வண்டிக்கு மூன்றே சக்கரம். முன்பக்கம் இரண்டு சக்கரங்களைத் திருப்பும் சிக்கலுக்கு அவர் விடை கண்டு காப்புரிமை பெற்றது 1893-ல்தான்.

இந்த மாற்றத்தால் வண்டி குறுகிய இடத்தில் திரும்பியது. கூடவே ஒரு புதிய பலவீனமும் வந்தது. சக்கரங்களை இணையாக வைத்திருப்பது இனி அச்சின் வேலையாக இல்லை. இரண்டையும் சேர்க்கும் டை ராடு என்ற கம்பியின் நீளமும், அதன் முனைகளில் உள்ள மூட்டுகளின் இறுக்கமும் அதைத் தீர்மானித்தன. கம்பி வளைந்தால், மூட்டு தேய்ந்தால், சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே குவியும் அல்லது வெளியே விரியும். குவிந்து நிற்பதை டோ-இன் என்றும் விரிந்து நிற்பதை டோ-அவுட் என்றும் பட்டறைகள் சொல்கின்றன. சாய்வும் குதிரை வண்டியிலிருந்தே காருக்கு வந்தது. மரச் சக்கரத்தின் ஆரைகள் வெளிப்பக்கம் சற்றே விரிந்து கிண்ணம்போல் அமைந்திருக்கும். சுமையைத் தாங்கும் கீழ் ஆரை செங்குத்தாக நிற்பதற்காக அச்சின் முனையைக் கீழ்நோக்கி வளைத்திருப்பார்கள். அதனால் சக்கரத்தின் மேல்பகுதி வெளியே சாய்ந்து நிற்கும். கேம்பர் எனப்படும் இந்தச் சாய்வை ஆரம்பகாலக் கார்கள் அப்படியே எடுத்துக்கொண்டன. சக்கரம் தரையைத் தொடும் இடத்தை முளைக்கு அருகில் கொண்டுவந்தால் ஸ்டியரிங் லேசாகத் திரும்பும் என்பது அதற்கு அவர்கள் சொன்ன நியாயம்.

இத்தனை இருந்தும் முதல் தலைமுறைக் கார்க்காரர்கள் ஒருபக்கத் தேய்மானத்தைப் பெரிதாகப் பேசவில்லை. தேயும்வரை டயர் உயிரோடு இருந்தால்தானே அதைப் பார்க்க முடியும்! ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-லேயே காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அது வழக்கத்துக்கு வரவில்லை. 1888-ல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் அதை மீண்டும் கண்டுபிடித்தார். 1895-ல் பாரிஸ்–போர்தோ பந்தயத்தில் மிஷ்லின் சகோதரர்கள் காற்றடைத்த டயர் பூட்டிய காரை ஓட்டினார்கள். அந்தக் கால டயரின் உள்ளே இருந்தது குறுக்கும் நெடுக்குமாக நெய்த கித்தான். ஓட்டத்தில் நூல்கள் ஒன்றையொன்று அறுத்துச் சூடேறி, டயர் வெடித்தது. இல்லாவிட்டால் லாட ஆணி ஏறியது. நெய்யாத நூல் அடுக்குகள் வந்த பிறகு சூடு குறைந்தது. 1910-களில் ரப்பரில் கார்பன் கரியைக் கலக்கத் தொடங்கியதும் தேய்மானத்தைத் தாங்கும் வலிமை பல மடங்கு கூடியது. டயர் கறுப்பாக இருப்பதற்குக் காரணமும் அந்தக் கரிதான். டயருக்கு ஆயுள் கிடைத்த பிறகு அது எந்தப் பக்கம் தேய்கிறது என்ற கேள்விக்கும் பொருள் வந்தது.

அந்தக் கேள்வியைத் தொழிலாக மாற்றியது 1920-கள். 1923-ல் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் குறைந்த காற்றழுத்தத்தில் ஓடும் அகலமான பலூன் டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டுகளில் முன் சக்கரங்களுக்கும் பிரேக் வந்தது. பயணம் மென்மையானது, ஆனால் குறிப்பிட்ட வேகத்தைத் தொட்டதும் முன் சக்கரங்கள் இடவலமாக வெடவெடத்து ஆடத் தொடங்கின. ஷிம்மி என்று பெயர்பெற்ற அந்த ஆட்டத்துக்கு விடை தேடிய பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் புருலியே, 1925-ல் ஓர் அடிப்படை உண்மையை எடுத்துவைத்தார்: பக்கவாட்டு விசையைத் தாங்கும் டயர், தான் நோக்கும் திசையில் நேராக உருள்வதில்லை; சிறு கோணத்தில் நழுவிக்கொண்டே உருள்கிறது. ஒருபக்கத் தேய்மானத்தை அறிவியலாக விளக்குவதற்கு அடித்தளம் இதுதான். சக்கரம் நோக்கும் திசையும் வண்டி போகும் திசையும் வேறானால், இடைப்பட்ட நழுவலை ரப்பர் தன் உடம்பால் ஈடுகட்டுகிறது.

அந்த ஈடு எவ்வளவு என்பதைக் கணக்கிடுவது எளிது. 600 மி.மீ. விட்டமுள்ள இரு முன் சக்கரங்களுக்கும் சேர்த்து டோ 3 மி.மீ. தவறாக இருக்கிறது என்று கொள்வோம். ஒவ்வொரு டயரும் ஒரு கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சுமார் இரண்டரை மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. 10,000 கிலோமீட்டர் ஓடி முடிக்கும்போது அது 25 கிலோமீட்டர். கண்ணால் பார்த்தால் தெரியாத மூன்று மில்லிமீட்டர் ஒரு டயரைத் தின்றுவிடுவது இப்படித்தான்.

அளக்கும் கருவிகள் அன்று எளியவை. ஆனால் முறை மிக நுட்பமானது. ரிம் லேசாகக் கோணியிருந்தால் அதை வைத்து அளப்பது பொய்க்கணக்காகிவிடும். அதனால் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, டயரின் பட்டன் மேல், அதாவது தரையில் படும் பரப்பின் மேல், சாக்குக்கட்டியைத் தேய்த்து, ஒரு கட்டையில் பதித்த ஆணியை அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றுவார்கள். ஆணி கீறிய மெல்லிய கோடு, ரிம் எப்படிக் கோணியிருந்தாலும், சக்கரம் உண்மையில் சுழலும் தளத்தைக் காட்டும். வண்டியை இறக்கி, சற்று முன்னே தள்ளி, மூட்டுகள் தம் இடத்தில் அமர்ந்த பிறகு, இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை அச்சின் உயரத்தில் முன்னாலும் பின்னாலும் அளப்பார்கள். முன்னால் உள்ள அளவு எவ்வளவு குறைகிறதோ அதுவே டோ-இன். நீட்டிக் குறுக்கும் ஒரு குழாயும் இரண்டு குறிமுள்ளும் இதற்குப் போதும். சமமான தளமும் பொறுமையும் இருந்தால் இந்த முறை இன்றும் நம்பத் தகுந்தது.

கேம்பர் தவறினால் திருத்துவதற்கு அப்போது திருகாணி எதுவும் கிடையாது. முன் அச்சு ஒரே இரும்புத் தண்டு. பெரிய ஜாக்கியும் சங்கிலியும் வைத்து அந்த அச்சையே பச்சையாக வளைத்தார்கள். அமெரிக்காவின் ராக் ஐலண்ட் நகரத்து பேர் நிறுவனம் இந்த வேலைக்கான சட்டங்களையும் அளவிகளையும் செய்து விற்றுப் பேர் வாங்கியது.

1934-ல் மொத்த அமைப்பும் மாறியது. ரோல்ஸ்-ராய்ஸில் பணியாற்றி, பிறகு அமெரிக்காவுக்குப் போன மாரிஸ் ஆலி, ஜெனரல் மோட்டார்ஸின் கார்களில் முன் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் வருவதற்கு முக்கியக் காரணமாக இருந்தார். கேடிலாக் உள்ளிட்ட கார்களில் நீளமும் குட்டையுமான இரண்டு கைகள் சக்கரத்தைத் தாங்கின. வளைக்க வேண்டிய அச்சு போய், தகடு வைத்தோ திருகியோ சரிசெய்யும் இடங்கள் வந்தன. ஒரே தண்டு இருந்த இடத்தில் இப்போது புஷ்களும் முளைகளும் இணைப்புக் கம்பிகளும். ஒவ்வொன்றும் தேயும், ஒவ்வொன்றின் தேய்மானமும் டயரில் வேறு வடிவத்தில் எழுதப்படும். டயரைப் படிக்கும் கலை இந்தக் காலத்தில்தான் முதிர்ந்தது.

அந்தக் கலையின் பாடம் சுருக்கமானது. தோள் ஒன்று மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் கேம்பர். இரண்டு தோளும் சமமாகத் தேய்ந்து நடு நின்றால் காற்று குறைவு. நடு தேய்ந்தால் காற்று அதிகம். அங்கங்கே குழிகுழியாக இருந்தால் ஷாக் அப்சார்பர் ஓய்ந்துவிட்டது, அல்லது சக்கரம் சமநிலையில் இல்லை, அல்லது பேரிங் ஆடுகிறது. டோ மட்டும் கண்ணைவிடக் கைக்கே முதலில் அகப்படும். உள்ளங்கையைப் பட்டன் மேல் குறுக்காகத் தடவினால், மீன் செதிலைத் தடவுவதுபோல் ஒரு பக்கம் வழுக்கும், எதிர்ப்பக்கம் கீறும். கை உள்ளிருந்து வெளியே போகும்போது கீறினால் டோ-இன் அதிகம். வெளியிலிருந்து உள்ளே வரும்போது கீறினால் டோ-அவுட். ரப்பர் எந்தப் பக்கம் நழுவுகிறதோ அந்த விளிம்பு மழுங்கி, மறு விளிம்பு கூராக நிற்பதே காரணம். தேய்மானம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே இந்தக் கீறல் விரலுக்குத் தெரிந்துவிடும் என்பதால், காலத்தில் செய்த சோதனை ஒரு ஜோடி டயரைக் காப்பாற்றும்.

இரண்டாம் உலகப் போர் இதை ஒரு நாட்டின் கட்டாயக் கடமையாக்கியது. 1942 தொடக்கத்தில் ஜப்பானியப் படைகள் மலாயாவைப் பிடித்தன. டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் விழுந்தன. அமெரிக்கா இறக்குமதி செய்த இயற்கை ரப்பரில் மிகப் பெரும்பகுதி அந்த மண்ணிலிருந்துதான் வந்தது. மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து கூலிக்குப் போன குடும்பங்கள் என்பதை இந்த வரலாற்றில் விட்டுவிட முடியாது. அமெரிக்கா டயர் விற்பனைக்குப் பங்கீடு வைத்தது. ஒரு காருக்கு ஐந்து டயருக்கு மேல் வைத்திருக்கத் தடை வந்தது. வேகம் மணிக்கு 35 மைலாக, அதாவது சுமார் 56 கிலோமீட்டராகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1942 டிசம்பரில் நாடு முழுவதும் வந்த பெட்ரோல் பங்கீட்டின் முதன்மை நோக்கமும் பெட்ரோலைவிட ரப்பரைச் சேமிப்பதே. கார்க்காரர்கள் குறித்த கால இடைவெளியில் அங்கீகாரம் பெற்ற பரிசோதகரிடம் டயர்களைக் காட்டிப் பதிவுச் சீட்டில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. ஒருபக்கத் தேய்மானத்தைத் தேடி ஒரு தேசமே தன் டயர்களைக் குனிந்து பார்த்த காலம் அது. டயர்களை இடம் மாற்றிப் பூட்டும் பழக்கமும் காற்றழுத்தத்தை வாரம் தவறாமல் பார்க்கும் பழக்கமும் சாதாரண மக்களிடம் வேரூன்ற இந்தப் பஞ்சம் பெரிதும் உதவியது.

போருக்குப் பின் கருவிகள் வேகமாக வளர்ந்தன. 1946-ல் செயின்ட் லூயிஸில் லீ ஹன்டர் தொடங்கிய நிறுவனம், 1950-களில் ஒளிக்கதிரைத் திரையில் விழச் செய்து கோணங்களை அளக்கும் கருவிகளைக் கொண்டுவந்தது. பிரிட்டனில் கண்ணாடியும் பார்வைக்குழாயும் கொண்ட டன்லப் அளவிகள் பட்டறைகளில் பரவின. ஆனால் இவற்றைவிடப் பெரிய மாற்றம் டயருக்குள்ளேயே நிகழ்ந்தது. மிஷ்லின் 1946-ல் காப்புரிமை பெற்று 1949-ல் விற்கத் தொடங்கிய எக்ஸ் டயரில் நூல்கள் பக்கச் சுவரில் நேர்குறுக்காக ஓடின. பட்டனுக்கு அடியில் எஃகு வளையம் இருந்தது. பக்கச் சுவர் நெகிழ்ந்தாலும் பட்டன் தரையில் தட்டையாகப் படிந்தது. நூல் அடுக்குகள் சாய்வாகக் குறுக்கிட்டு ஓடிய பழைய கிராஸ்-பிளை டயரைப்போல் ஒவ்வொரு சுற்றிலும் நெளிந்து தேய்வது நின்றது. ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பானது.

ரேடியல் என்று பெயர்பெற்ற இந்த வகை டயர் பழைய பாடத்தில் சில வரிகளை அழித்து எழுதியது. சிறிய கேம்பர் பிழையை அது பொறுத்துக்கொள்கிறது. எஃகு வளையம் இருப்பதால், காற்று அதிகமானாலும் நடுப்பகுதி முன்போல் சட்டென்று தேய்வதில்லை. சரியான காற்றிலேயே பக்கம் புடைத்து நிற்பதால், பழைய ஓட்டுநர்கள் காற்று குறைந்துவிட்டதென்று எண்ணி மேலும் அடைத்தார்கள். டோ பிழையை மட்டும் அது மன்னிப்பதில்லை.

இந்தியாவில் டயரைப் படிக்கும் தொழிலுக்கு உரமிட்டது பற்றாக்குறை. டன்லப் 1936-ல் வங்காளத்தின் சாஹாகஞ்சில் தொழிற்சாலை தொடங்கியது. சென்னை திருவொற்றியூரில் 1946-ல் பலூன் பொம்மை செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, 1952-ல் ரீட்ரெடிங்குக்கான ரப்பர் பட்டைகளைச் செய்ய ஆரம்பித்து, 1960-களில்தான் டயருக்கு வந்தது. புதிய டயருக்கு முன் மறுபட்டன் ரப்பர் வந்த இந்த வரிசை, அந்தக் காலச் சாலைகளின் பொருளாதாரத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டன் ஒட்டுவதே வழக்கம். அதற்கு உள்கூடு நன்றாக இருக்க வேண்டும். ஒருபக்கம் தேய்ந்து தோளில் நூல் வெளியே தெரிந்துவிட்டால், மறுபக்கம் பாதிப் பட்டன் இருந்தாலும் அந்த டயர் மறுபிறப்புக்கு லாயக்கில்லை. லாரி முதலாளிகள் அலைன்மென்ட்டில் காட்டிய அக்கறைக்குக் காரணம் இந்த நஷ்டக் கணக்கே.

சாலையில் ஓடிய கார் வகைகளும் அன்று விரல்விட்டு எண்ணக் கூடியவை. 1957-ல் வந்து 2014 வரை உற்பத்தியான அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்தது. அதன் முன்பக்கத்தைத் தாங்கியது முறுக்குக் கம்பி. பல ஆண்டு சுமையில் அந்தக் கம்பி தளர்ந்து முன்பக்கம் தாழ்ந்தால், கைகளின் கோணம் மாறி, சக்கரத்தின் நிலையும் மாறிவிடும். அலைன்மென்ட் பார்ப்பதற்கு முன் வண்டி நிற்கும் உயரத்தைப் பார்க்க வேண்டும் என்ற பாடத்தை இந்திய மெக்கானிக்குகளுக்கு இந்தக் கார் கற்றுக்கொடுத்தது.

டயர்த் தேய்மானத்தின் வரலாற்றில் சென்னைக்கென்று ஒரு கார் உண்டு. வண்டலூர்ப் பக்கத்தில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ், டிரையம்ப் ஹெரால்டை 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரித்தது. அதன் பின் சக்கரங்கள் ஊசலாடும் அரை அச்சுகளில் தொங்கின. குறுக்கே போட்ட ஒற்றைப் பட்டை ஸ்பிரிங் இரண்டையும் தாங்கியது. பின் இருக்கையில் ஆள் ஏறி, டிக்கியில் சாமான் ஏறியதும் வண்டி தாழும். அரை அச்சுகள் சாயும். சக்கரங்களின் தலை உள்ளே சாய்ந்து, அடி வெளியே விரியும். ஸ்பிரிங் ஓய்ந்த வண்டியில் இந்த நிலையே நிரந்தரமாகி, இரண்டு பின் டயர்களின் உள்விளிம்பும் தேய்ந்து போகும். பின் டயர் ஒருபக்கம் தேய்வதற்கு ஸ்டியரிங் பக்கம் எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைக்காது. அதைச் சரிசெய்ய ஸ்பிரிங் பட்டைகளைத்தான் கழற்ற வேண்டும். முன்பக்கத்தில் இன்னொரு நுட்பம்: கீழ் முளை ஒரு வெண்கலத் திருகுக் கூட்டுக்குள் திரும்பும். கிரீஸ் அடிக்கும் இடம்போல் தோன்றினாலும் அதற்கு வேண்டியது கியர் ஆயில். எல்லா நிப்பிளிலும் கிரீஸ் அடித்துப் பழகிய கை இதிலும் கிரீஸே அடித்தால், திருகுகள் உலர்ந்து தேய்ந்து, சக்கரம் ஆட்டம் கண்டு, டயரில் குழிகள் விழும். ஊசலாடும் பின் அச்சு இந்திய வாடிக்கையாளருக்கும் மெக்கானிக்குக்கும் பிடிக்காமல் போனதால், 1972-ல் வந்த கெஸல் காரில் நிறுவனம் முழு அச்சுக்கே திரும்பிவிட்டது.

1977-ல் ஜே.கே. டயர் இந்தியாவில் ரேடியலை அறிமுகப்படுத்தியது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. முன் சக்கரமே வண்டியை இழுக்கும் ஓட்டமும் மெக்ஃபெர்சன் ஸ்டிரட்டும் அதனோடு தெருவுக்கு வந்தன. ஏர்ல் மெக்ஃபெர்சன் வடிவமைத்த அந்த ஸ்டிரட்டை 1950-ல் பிரிட்டனின் ஃபோர்டு கான்சல் பரவலாக்கியிருந்தது. கழற்றி மாட்ட வேண்டிய பாகங்கள் குறைந்தன. பல கார்களில் கேம்பரைச் சரிசெய்யும் வசதியே இல்லாமல் போயிற்று. 1990-களின் நடுவில் சக்கரங்களில் பலகைகளைப் பூட்டிக் கேமராவால் அளக்கும் முப்பரிமாண இயந்திரங்கள் வந்தன. பின் சக்கரங்கள் வண்டியை எந்தத் திசையில் தள்ளுகின்றன என்பதையும் சேர்த்து அளப்பது இவற்றின் பெரும் பலன். அச்சு இடம்பெயர்ந்து வண்டி கோணலாக ஓடுவதை நூல் கட்டி ஊகித்த காலம் அத்தோடு முடிந்தது.

இருந்தாலும் பழைய காரில் இந்த இயந்திரம் பாதி வேலையைத்தான் செய்யும். அது அளப்பது நின்றுகொண்டிருக்கும் சக்கரத்தை. பின் சக்கரம் தள்ளும் காரில், ஓட்டத்தின்போது சாலை முன் சக்கரங்களைப் பின்னோக்கித் தள்ளுகிறது. மூட்டுகளில் ஆட்டம் இருந்தால் சக்கரங்கள் விரியும். இதை எதிர்பார்த்தே அந்தக் கார்களுக்குச் சிறிய டோ-இன் வைக்கப்பட்டது. மோரிஸ் மைனருக்கு அது 3/32 அங்குலம், ஏறக்குறைய 2.4 மி.மீ. மூட்டு தேய்ந்த காரில் மேடையில் டோ சரியாக இருக்கும்; சாலையில் டோ-அவுட்டாக ஓடும்; உள்விளிம்பு தேயும். அலைன்மென்ட் பார்த்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே டயரைப் பறிகொடுக்கும் உரிமையாளர்கள் இருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

ஆகவே பழைய வண்டியில் வரிசை மாறக் கூடாது. முதலில் காற்று, வண்டி நிற்கும் உயரம், பிறகு ஆட்டம், கடைசியில்தான் கோணம். ஜாக்கியில் தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் அசைவு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அசைந்தால் இன்னொருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லி மீண்டும் ஆட்ட வேண்டும். அசைவு நின்றுவிட்டால் பேரிங். நிற்காவிட்டால் சக்கரம் திரும்பும் முளையான கிங் பின் அல்லது பால் ஜாயிண்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது அசைந்தால் டை ராடு முனைகளையும் ஸ்டியரிங் பெட்டியையும் தேட வேண்டும். கிராஸ்-பிளை காலத்துக் கையேட்டின் டோ அளவை ரேடியல் பூட்டிய காருக்கு அப்படியே வைப்பதும் சரியாகாது; உருளும் தடை குறைவென்பதால் ரேடியலுக்குச் சற்றுக் குறைவான டோ-இன் போதும். இரண்டு வகையையும் கலந்து பூட்ட நேர்ந்தால் ரேடியல் பின்னாலேயே இருக்க வேண்டும்.

டயர் எந்த அளவில் முடிந்தது என்பதற்கும் ஒரு வரையறை 1960-களில் வந்தது. பட்டன்களுக்கு இடையே 1.6 மி.மீ. உயரத்தில் குறுக்குத் திட்டுகள் அமெரிக்காவில் 1968-ல் கட்டாயமாயின. இந்திய விதிகளும் கார்களுக்கு அதே அளவைக் கொள்கின்றன. ஒருபக்கத் தேய்மானத்தில் நடுப்பள்ளத்தை மட்டும் பார்த்தால் ஏமாறலாம். உள்விளிம்புத் திட்டைக் காண ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பிவைத்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் பழைய கார்களில், பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பர் கெட்டிப்பட்டுப் பக்கச் சுவரில் வெடிப்பு விட்டுவிடும். 2000-ஆம் ஆண்டு முதல் செய்த டயர்களின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில், முதல் இரண்டு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும். அந்த எண்ணைப் பார்க்காமல் பட்டனை மட்டும் பார்ப்பது அத்தகைய காருக்குப் போதாது.